புகைந்த குழிகளின் நிறம்

இந்தக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்த ஓவியர் வட்டத்தின் தலைவர் திரு. பூபதி அவர்களே, மேடையில் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கும், நம் வசந்தாமணி அம்மையாரின் தம்பி திரு. தங்கசாமி அவர்களே, அம்மையாரிடம் பென்சில் பிடிக்கக் கற்றவர்களே, அவருடன் ஒரே ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸ் திறந்தவர்களே, வண்டிகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் திருச்செங்கோட்டு ரிக் தொழில் நண்பர்களே, எலச்சிபாளையத்திலிருந்தும் மல்லசமுத்திரத்திலிருந்தும் பேருந்து மாறி வந்து பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் விவசாயக் குடும்பத்தாரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம். இது உங்களுடைய கூட்டம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் ஓவியர் அல்ல. சேலத்தில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறேன். பாறையை உடைத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து, அது இன்ன பாறை என்று சொல்வது என் வேலை. பார்க்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இரங்கல் கூட்டங்களுக்கும் நான் அதிகம் போவதில்லை. இறந்தவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் மாமேதைகள் ஆகிவிடுவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆகவே கண்ணால் கண்டதை மட்டும், ஒரு சொல்லும் கூட்டாமல் பேசுவது என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். கூட்டாமல் பேசினாலும், நண்பர்களே, மலைப்பாகத்தான் இருக்கிறது!

எனக்குப் பின்னால் தொங்குகிற துணியைப் பாருங்கள். பள்ளிபாளையத்துத் தறியில் நெய்த காடாத் துணி. மேலே செம்மண் நிறம். அதன் கீழே பழுப்பு. பிறகு வெளிர் சாம்பல், ஓரிடத்தில் இளஞ்சிவப்புக் கீற்று, மீண்டும் சாம்பல். கால்பங்குத் துணி வெறுமையாகத் தொங்குகிறது. அதுதான் ஓவியர் வசந்தாமணியின் கடைசிப் படம். அதன் அடியில் ஒரு தூக்குப்போசி, சின்னத் தூக்குவாளி, இருக்கிறது. வந்தவர்கள் சிலர் அதில் பூப் போடப் போனீர்கள். அது பூப் போட வைத்ததல்ல. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தத் துணியை என்ன செய்வது என்பதில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டிருந்தன. அம்மையாரின் மாணவி தனப்பிரியா மிச்சத்தை வரைந்து முடிப்பார், அந்த உறுதிமொழியை நான் இந்த மேடையில் வாசிக்க வேண்டும் என்பது ஓவியர் வட்டத்தின் முடிவு. வீட்டாரின் முடிவு வேறு. அம்மையார் சேர்த்து வைத்த கல்பொடி ஜாடிகளை, நாளை மறுநாள் அவருடைய அஸ்தியோடு கூடுதுறையில் கரைத்துவிடுவது. இரண்டுமே அவர்மேல் உள்ள அன்பில் எடுத்த முடிவுகள். இரண்டுமே நடந்திருந்தால் வசந்தாமணி என்ற ஓவியர் இருந்த தடமே இருந்திருக்காது. இன்று மதியம்வரை இந்தக் கவலையோடுதான் இருந்தேன். எழுதி வந்த உரையின் கடைசிப் பக்கத்தை மதியத்துக்குமேல் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். ஆழ்துளைக் கிணறு போடும்போது, ரிக் வண்டியின் காற்றழுத்தம் உடைந்த கல்லைப் பொடியாக மேலே ஊதித் தள்ளும். முதலில் செம்மண் வரும். பிறகு சுக்கான் கல். பிறகு பாறைக்குப் பாறை நிறம் மாறும். காட்டுக்காரர், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரர், குடும்பத்தோடு தள்ளி நின்று அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருப்பார். பொடி ஈரமானால் தண்ணீர். ஈரமே ஆகாமல், கடைசிவரை உலர்ந்த பொடியாகவே பறந்தால், அதை நம் பக்கத்தில் என்ன சொல்வோம்? ‘போர் புகைஞ்சு போச்சு’ என்போம். இந்தக் கூட்டத்தில் எத்தனை குடும்பங்களுக்கு அந்தப் புகை தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் யாரும் கை தூக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். புகைந்த குழியைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஒரு கல்லைத் தூக்கி அதன் வாயில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம்.

வசந்தாமணி அம்மையார் அப்படிப்பட்ட ரிக் வண்டிக் குடும்பத்தில் பிறந்தார். கும்பகோணம் போய் ஓவியம் படித்தார். திருமணம் வேண்டாம் என்றார். தம்பி வீட்டிலேயே இருந்துகொண்டு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றினார். அவரிடம் பத்துக்கு ஆறு மதிப்பெண் வாங்கியவர்கள் இன்றும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அவர் யாரையும் எளிதில் பாராட்டியதில்லை. தன்னையும் பாராட்டிக்கொண்டதில்லை.

அவருடைய பழைய படங்களை நான் பார்த்திருக்கிறேன். குடம் சுமக்கும் பெண்கள், மாட்டுச் சந்தை, கோபுரத்தின் நிழல். கை சுத்தமான கை. ஆனால் ஒவ்வொரு படத்தையும் இதற்கு முன் எங்கோ பார்த்தது போல இருக்கும். ஒரு காலத்தில் எல்லோரும் நீண்ட கழுத்து வரைந்தார்கள், அவரும் வரைந்தார். பிறகு எல்லோரும் முகத்தைச் சதுரமாக உடைத்தார்கள், அவரும் உடைத்தார். இதை நான் அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“நல்லாத்தான் இருக்குது அம்மிணி. ஆனா எம்படதாட்ட இல்லை. சந்தைக்குப் போயி அடுத்தவங்க மாட்டைப் புடிச்சுட்டு வந்தாப்பல இருக்குது” என்றார்.

சரி, உன்னுடையது எது? அதை எங்கே போய்த் தேடுவாய்? இந்தக் கேள்வி அவரை இருபத்தைந்து ஆண்டுகள் தூங்கவிடவில்லை.

நாங்கள் சந்தித்ததே ஒரு நிறத்தினால்தான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு பகல் வேளையில், ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு பை நிறைய ஹார்லிக்ஸ் பாட்டில்களை வைத்துக்கொண்டு திருச்செங்கோட்டிலிருந்து சேலம்வரை ஓட்டி வந்திருந்தார். பாட்டில்களில் விதவிதமான பொடி. எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் நாச்சிமுத்து வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“என்னங்கம்மா, கோலப்பொடி ஏவாரமுங்களா?”

“ஆமா சாமி, நீ போயி வாசத் தெளிச்சு வெய்யி, நான் வாரேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

என் மேசைமேல் பாட்டில்களை அடுக்கினார். தம்பியின் வண்டி போர் போட்ட இடங்களிலிருந்து வந்த பொடி. வேப்பம்பிசினில் குழைத்துத் துணியில் பூசிப் பார்த்திருக்கிறார். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். இந்தக் கலரு வெளுத்துப் போகுமுங்களா?” என்று கேட்டார்.

“பல கோடி வருடம் மண்ணுக்கடியில் கிடந்த கல். உங்களுக்கும் எனக்கும் பின்னால் நெடுங்காலம் இருக்கும்” என்றேன். கூடவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னேன். கல்பொடியை உலர்வாகக் கையாண்டால் நுரையீரலுக்கு ஆகாது, தண்ணீர் தெளித்துத்தான் குழைக்க வேண்டும், முகத்தில் துணி கட்ட வேண்டும். அன்றிலிருந்து கடைசிவரை அதைக் கடைப்பிடித்தார். இதை இங்கே குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் வருகிறேன்.

அந்தப் பொடிகள் எல்லாமே தண்ணீர் கண்ட குழிகளிலிருந்து வந்தவை. புகைந்த குழியின் பொடி வீட்டுக்குள் வரக் கூடாது என்பது தங்கசாமி அவர்களின் வீட்டு வழக்கம். போர் புகைந்துவிட்டால் அவர் வண்டிச் சக்கரத்தைக் கழுவிவிட்டுத்தான் ஊருக்குள் திருப்புவார், குளித்துவிட்டுத்தான் வாசல் மிதிப்பார். அவருடைய ஆட்கள் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார்கள். தண்ணீர் கண்டதும் அக்காவுக்காக ஒவ்வொரு நிறப் பொடியையும் தனித்தனிப் பொட்டலமாக ஒரு சாக்கில் போட்டு, அதன் வாயில் மஞ்சள் துணி கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது. யாருக்காகக் கட்டினார்களோ அவர்தான் அவிழ்க்க வேண்டும்.

மஞ்சள் துணி கட்டிய சாக்குகளைக் கொண்டு அவர் சில ஆண்டுகள் வரைந்தார். வண்ணம் புதிது, படம் பழையது. அதே குடம், அதே கழுத்து. கல்யாண வீடுகளுக்குப் பரிசளிக்க வாங்கிப் போனார்கள். பார்ப்பவர்கள், ‘அட, இது போர்ப் பொடியா’ என்று வியந்துவிட்டு நகர்ந்தார்கள். யாரும் படத்தின் முன் நின்றதாக எனக்கு நினைவில்லை.

பிறகு அந்தத் தவறு நடந்தது. ரிக் வண்டிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு! வெண்ணந்தூர் பக்கம் ஒரு காட்டில் போர் ஓடியது. மதியத்துக்குள் பொடி ஈரமாகி, தண்ணீர் பீறிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். ஆட்கள் சாக்கில் பொடியை அள்ளி மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். ஆனால் அது பாறை இடுக்கில் தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணீர். பொழுது சாய்வதற்குள் நின்றுவிட்டது. மேலும் ஓட்டிப் பார்த்தார்கள். வெறும் புகை. அந்தக் காட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தவர்கள், சாக்கை என்ன செய்வது என்று விழித்தார்கள். கொட்டிவிடலாம் என்றால் துணியை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க அவர்களுக்கு உரிமை இல்லை. துணியோடு தூக்கி எறியவும் மனம் வரவில்லை. பேசாமல் அக்காவின் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மையார் அவிழ்த்தார். குழைத்தார். பாதிப் படம் வரைந்தாயிற்று. வெளியூர் வேலைக்குப் போயிருந்த தங்கசாமி திரும்பி வந்துதான் அது எந்தக் குழியின் பொடி என்று தெரியவந்தது. அன்று அந்த வீட்டில் நடந்ததை அம்மையார் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். தங்கசாமி அவர்களே, மன்னிக்க வேண்டும், நீங்கள் பேசியது போலவே பேசிக் காட்டுவார்.

“அக்கா, அது பொகைஞ்ச குழி. முதல்ல அதை வெளிய எடு.”

“பாதி வரைஞ்சுட்டனே சாமி.”

“வரைஞ்சதையும் சேத்து எடு. ஒரு குடும்பத்தோட வயித்தெரிச்சலுக்கா அது. ஊட்டுக்குள்ள வெக்கற பொருளா?”

அம்மையார் துணியைச் சுருட்டிக்கொண்டார். சாக்கைத் தானே இழுத்துக்கொண்டு போய்க் காட்டுச் சாளையில், பழைய ரிக் உதிரிகள் போட்டு வைக்கிற கொட்டகையில், வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றுதானே சொன்னான், வரையக் கூடாது என்று சொல்லவில்லையே என்பது அவருடைய கணக்கு. மிச்சப் பாதியை அங்கே உட்கார்ந்து வரைந்தார்.

நண்பர்களே, அந்த மிச்சப் பாதியில்தான் எல்லாம் மாறியது.

மேல் பாதியில் ஒரு பெண் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கீழ்ப் பாதியில் பெண் இல்லை, குடம் இல்லை. சாக்கிலிருந்த பொட்டலங்களைப் பிரித்து, குழியிலிருந்து எந்த வரிசையில் வந்தது என்று ஆட்களிடம் கேட்டு, அதே வரிசையில், பட்டை பட்டையாகப் பூசியிருந்தார். தண்ணீர் நின்றபின் வந்த புகைக்கு அதே சாம்பலையே மீண்டும் பூசியிருந்தார். அவ்வளவுதான். சில நாள் கழித்து மேல் பாதியையும் கழுவிவிட்டு அதையும் அப்படியே செய்தார். “அந்தக் காட்டுக்காரரு அன்னிக்கு இதைத்தானே பாத்துட்டு நின்னாரு? அவரு பாத்ததைப் போடாம, நான் எதுக்கு அம்மிணி குடத்தைப் போட்டுட்டு இருக்கறேன்?” என்று என்னிடம் கேட்டார்.

நான் சந்தேகப் பேர்வழி. அந்தப் பொடியையும், தண்ணீர் கண்ட குழியின் பொடியையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒரு வேறுபாடும் இல்லை. அதே குவார்ட்ஸ், அதே ஃபெல்ஸ்பார். கல்லுக்கு வயிற்றெரிச்சல் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு சாளைக்கு அழைத்துப் போய், படத்தை விட்டத்திலிருந்து தொங்கவிட்டுக் காட்டினார்.

அதன் முன் நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாறை அடுக்கின் வரைபடங்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவள் நான். வகுப்பில் கரும்பலகையில் போடுகிறவள். அதே அடுக்குதான், அதே வரிசைதான். ஆனால் மேலிருந்து கீழே கண் இறங்க இறங்க, ‘வந்துவிடும், இதோ வந்துவிடும்’ என்று எனக்குள் ஏதோ எதிர்பார்க்கத் தொடங்கியது. ஓரிடத்தில், பொடி ஈரமானது போல, கொஞ்சம் கருத்திருந்தது. மூச்சை நிறுத்தினேன். அதற்குக் கீழே மீண்டும் சாம்பல். மீண்டும் சாம்பல். துணியின் அடி விளிம்புவரை சாம்பல். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவள். அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். 

இது என் ஒருத்தியின் மயக்கமாக இருக்கலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளத்தில் பூபதி அவர்கள் கண்காட்சி நடத்தியபோது அந்த எண்ணமும் போயிற்று. மேல்தளத்தில் ஒரு காதுகுத்து விருந்து. பந்தி முடிந்து கை கழுவ இடம் தேடி வழிதவறி உள்ளே வந்தார் ஒரு பெண்மணி. பழனியம்மாள் என்று பெயர். வாழப்பாடிக்குப் பக்கத்து ஊர். இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். எழுந்து நிற்க வேண்டாம் அம்மா, உட்காருங்கள். அன்று அவர் ஈரக் கையோடு அந்த வெண்ணந்தூர்ப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

“ஏனுங்க, இது எந்த ஊரு போருங்க?”

வசந்தாமணி அம்மையார் பக்கத்தில் போனார். “எதுக்குங்க கேக்கறீங்க?”

“இல்லீங்க, இங்க செம்மண்ணு. கேசிங் பைப்பு இந்த எடத்துல நின்னுருக்கும். இங்க வெள்ளைக் கல்லு வருது பாருங்க, இங்கதான் எங்க ஊட்டுக்காரரு, ‘புள்ள, எல்லாத்துக்கும் டீ போடு, இன்னிக்குத் தண்ணி வந்துரும்’னாரு. இங்க கறுக்குது. நாங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டோம். அப்பறம்...” அவருடைய விரல் துணியைத் தொடாமல் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. “அப்பறம் பொகைதானுங்க.”

கூட வந்த பெண் அவருடைய தோளைத் தட்டினார். “ஏக்கா, விருந்துக்கு வந்த எடத்துல தொங்கற துணியைப் பாத்து அழுவறயே, கெடாக்கறி செரிக்கலையா?”

“நீ போடி. உனக்கு ஒரு போரு பொகைஞ்சிருந்தாத் தெரியும்.”

“எனக்கு ரெண்டு பொகைஞ்சிருக்குது” என்றார் அந்தப் பெண். பிறகு இருவரும் படத்தின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பழனியம்மாளின் ஊர்ப் பாறை வேறு, வெண்ணந்தூர்ப் பாறை வேறு. நிலவியல்படி அவர் படித்தது முழுவதும் தவறு. ஆனால் அவர் ஒரு வரிகூடத் தவறாகப் படிக்கவில்லை! இதை எப்படி விளக்குவது? யாரோ ஒருவருடைய குழியில், தன்னுடைய குழியை அவர் பார்த்தார். அவருக்குப் பின்னால் மேல்தளத்திலிருந்து ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். காதுகுத்து வீட்டுக்காரர், ‘விருந்தாளியெல்லாம் எங்கய்யா போனாங்க?’ என்று தேடிக்கொண்டு வந்தவர், தானும் நின்றுவிட்டார்.

ஒரு கலைஞருக்குத் தனக்கான முகம் எப்படி உருவாகிறது? இதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ‘உனக்குள்ளே தேடு’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இருந்ததில்லை. வசந்தாமணி தனக்குள் இருபத்தைந்து ஆண்டுகள் தேடினார். உள்ளே மற்றவர்கள்தான் இருந்தார்கள். அவருடைய முகம் வெளியே கிடந்தது. ஊரே பார்க்க மறுத்து, கல் வைத்து மூடிவிட்டு வந்த இடத்தில் கிடந்தது. ஒரு தவறினால் அது அவர் வாசலுக்கு வந்தது. வந்ததும் அவர் பயந்து ஒதுக்கவில்லை. தம்பியை மீறி வீட்டுக்குள் வைக்கவுமில்லை. அதைத் தூக்கிக்கொண்டு தானும் சாளைக்குப் போனார். மனமறிந்து எடுத்த முடிவு அது. எல்லோருக்கும் அப்படி ஒரு சாக்கு என்றோ ஒருநாள் வாசலுக்கு வரத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். எத்தனை பேர் அவிழ்க்கிறோம்?

அதன்பின் அவர் வேறெதுவும் வரையவில்லை. புகைந்த குழிகளை மட்டுமே வரைந்தார். ஆட்கள் கைப்பிடிப் பொடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து தர ஆரம்பித்தார்கள். ஓமலூரிலிருந்து வந்தது, அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்தது. ஒருவருடைய பெயரையும் அவர் கேட்டதில்லை. ஜாடியின்மேல் எழுதியதில்லை. “அவங்களுக்கே அவங்க குழி தெரியும், மத்தவங்களுக்கு எதுக்கு அம்மிணி?” என்பார்.

மாணவர்கள் அவரைப் போலவே வரைய ஆரம்பித்தபோது கடிந்துகொண்டார். நன்றாக வரைந்தவர் தனப்பிரியா. எது யாருடையது என்று எனக்கே தெரியாதபடி வரைந்து காட்டினார். அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, “இது எம்பட கை, கண்ணு. உம்பட கையை எங்க வெச்சுட்டு வந்தே?” என்றார். அன்று தனப்பிரியா அழுதார். இன்று காலை அவர் என்னிடம் வந்து, “மேடம், அந்த மிச்சத்தை என்னால அச்சு அசலா வரைய முடியும். அதனாலதான் வேண்டாம்ங்கறேன். நீங்களே மேடையில சொல்லிருங்க” என்றார். அந்தப் பெண்ணைப் பெருமையோடு பார்க்கிறேன்.

இனி அந்த வெறுமையைப் பற்றி. அம்மையாரின் குடும்பக் காட்டிலேயே ஒரு புகைந்த குழி இருக்கிறது. தங்கசாமி அவர்கள் சொந்த வண்டியை விட்டு ஓட்டியது. இருக்கிற துளையிடும் ராடெல்லாம் இறக்கிப் பார்த்தும் புகைதான் வந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவரின் காட்டில் தண்ணீர் இல்லை என்பது ரிக் வண்டிக்காரருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதன்மேல் ஒரு பலகைக்கல் கிடக்கிறது. பக்கத்தில் குவிந்த பொடியைப் புல் மூடிவிட்டது. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

இந்தக் கடைசிப் படம் அந்தக் குழிதான். மேலே உள்ள நிறங்களைப் பக்கத்துக் காடுகளின் பொடியிலிருந்து எடுத்துக்கொண்டார். அடிப்பகுதிக்கு மட்டும் அந்தக் குழியின் பொடியேதான் வேண்டும் என்றார். தம்பியிடம் கேட்டார். தம்பி, “அதை மட்டும் கேக்காதக்கா” என்றார். அம்மையார் நினைத்திருந்தால் தானே போய் அள்ளியிருக்கலாம். கூப்பிடு தூரம். “அவனா குடுத்தாத்தான் அது பொகைஞ்ச குழி. நானா எடுத்தா அது திருட்டு மண்ணு” என்று சொல்லிவிட்டார். மூன்று ஆண்டுகள் அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டே இருந்து, போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

மருத்துவர் இதயம் என்று எழுதினார். இறுதிச் சடங்கில் என் காதுபட வேறு பேசினார்கள். “பொகைஞ்ச குழிப் புழுதியக் கொண்டாந்து சாளை நெறைய வெச்சிருந்தா, வேற என்ன ஆகும்?” என்றார்கள். அவருடைய எக்ஸ்ரேயை நானே பார்த்திருக்கிறேன், நுரையீரல் சுத்தமாக இருந்தது. இதை அறிவியல் படித்தவளாகச் சொல்கிறேன். ஆனால் அக்காவை இழந்த தம்பியின் காதில் எந்தச் சொல் தங்கும்? ஜாடிகளை ஆற்றில் கரைத்துவிடுவது என்று அவர் முடிவெடுத்ததில் எனக்கு வியப்பில்லை. என்னை அழைத்தே சொன்னார். “அவ போற எடத்துக்கு அதுவும் போகட்டுமுங்க. இங்க இருந்து இன்னும் யாரைக் கொண்டு போகோணும்?” நான் வாதாடவில்லை. வாதாடி வெல்லக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

இன்று மதியம், நாங்கள் இங்கே இந்தத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது, தங்கசாமி அவர்கள் உள்ளே வந்தார். வேட்டியில் புல் ஒட்டியிருந்தது. கை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது எந்தக் கல் என்று. கையில் ஒரு தூக்குப்போசி. அதைக் கொண்டுபோய் வெறும் துணியின் கீழே வைத்தார்.

“புல்லைச் செதுக்கிட்டு அள்ளுனனுங்க. அப்படியேதான் கெடக்குது. ஒரு மழைக்கும் கரையலைங்க” என்றார்.

பூபதி அவர்கள் நெகிழ்ந்துபோய், “அப்ப இதை வெச்சே படத்தை முடிச்சுரலாமுங்களே!” என்று போசியின் அருகே குனிந்தார்.

“தொடாதீங்க” என்றார் தங்கசாமி. “துணியைப் பாருங்க.”

நீங்களும் பாருங்கள். முன்னால் வந்து பாருங்கள். அந்தப் போசியின் வாயில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறது.

தண்ணீர் கண்ட குழிக்கு மட்டுமே கட்டுகிற துணி. அதை ஒரு ரிக் வண்டிக்காரர், தன் வாழ்வின் மிகப் பெரிய அவமானமாக நினைத்த குழியின் பொடிக்குக் கட்டியிருக்கிறார். தன் கையால் கட்டியிருக்கிறார். ஓவியர் வசந்தாமணி என்ன சாதித்தார் என்று யாராவது கேட்டால், அவருடைய படங்களைக் காட்டுவதற்கு முன் இந்தப் போசியைக் காட்டுவேன்!

“ஜாடியெல்லாம் ஆத்துக்குப் போகலைங்க. உங்க காலேசுல எடம் இருந்தா வெய்யுங்க” என்று அவர் என்னிடம் சொன்னார். “இதை மட்டும் யாரும் அவுக்க வேண்டாம். அக்காளுக்குக் கட்டுனது.”

ஆகவே, தலைவர் அவர்களே, என்னிடம் தந்த உறுதிமொழியை நான் வாசிக்கவில்லை. அதற்குப் பதிலாக இதை ஏற்கிறேன். விருப்பமுள்ளவர்கள் உடன் ஏற்கலாம். இந்தப் படத்தை யாரும் முடிக்க மாட்டோம். தனப்பிரியா தன் படத்தை வரைவார். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, அதுதான் சரி. ஜாடிகள் எங்கள் துறையில் இருக்கும். உங்களில் யாருடைய போராவது இனிப் புகைந்தால், கல் வைத்து மூடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வாருங்கள். பெயர் கேட்க மாட்டோம். வாசலில் நாச்சிமுத்து நிற்பார். கோலப்பொடியா என்று அவர் இனிக் கேட்க மாட்டார்.

எனக்கு மஞ்சள் துணியில் நம்பிக்கை இல்லை. அதில் கட்டியிருப்பது குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முடிச்சை அவிழ்க்க உரிமையுள்ளவர் ஒருவர்தான். அவர் வரும்வரை அது அப்படியே இருக்கும்.

போய் வாருங்கள், அக்கா. நாங்கள் தொட மாட்டோம்.